பத்து வருஷம் உழைக்கும் தினசரி உடுப்பு: துணி, தையல், சாயம், சலவை

#1 கொடிக்கயிறு

வணக்கம். இந்த இழையில் தினமும் உடுத்தும் பருத்தி உடைகளைப் பற்றி மட்டும் பேசலாம். அலுவலகச் சேலை, குர்தா, சட்டை, வேட்டி. பட்டும் கல்யாண ஜவுளியும் வேண்டாம், அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

நாலு துவைப்பில் சாயம் போய், ஆறு மாதத்தில் கக்கம் கிழிந்து, ஒரு வருஷத்தில் 'இந்த மாடல் பழசாயிடுச்சு' என்று மூட்டை கட்டி வைக்கிற வாங்கல் முறையை விட்டுவிட நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் கடையில் நின்று துணியைத் தொடும்போது எதைப் பார்ப்பது, தையற்காரரிடம் என்ன சொல்வது, முதல் துவைப்பில் என்ன செய்வது என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள். சொந்தக் கதைகள் வேண்டாமே.


#2 தறிச்சத்தம்

நல்ல இழை. துணியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் நூல் நம்பர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் (நூல் சுருள்) எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். 40 சிட்டம் வந்தால் 40-ஆம் நம்பர், 80 வந்தால் 80-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. கடையில் '100 கவுன்ட், ரொம்ப உசத்தி' என்பார்கள். மெல்லிசு என்பது உண்மை. தினசரி பஸ்ஸில் ஏறி இறங்கி, வாரம் ஒருமுறை துவைத்துக் கட்டும் சேலைக்கு 60 அல்லது 80 போதும். 100, 120 எல்லாம் மேலே மிதப்பது மாதிரி சுகமாக இருக்கும், ஆனால் ஊக்கு குத்தும் தோள்பட்டையிலும் குதிகால் உரசும் கரையிலும் முதலில் விட்டுப்போகும். சட்டைக்கு 40 முதல் 60. இரட்டை நூல் என்றால் இன்னும் உழைக்கும், கொஞ்சம் கனமாக இருக்கும்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் மூன்று.

துணியை இரண்டு கையிலும் பிடித்து ஒன்றோடொன்று பலமாகத் தேயுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அது கஞ்சி. கஞ்சியால் கனம் காட்டிய துணி முதல் துவைப்பிலேயே கொசுவலை மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, இரண்டு கட்டை விரல்களையும் அருகருகே வைத்து துணியை அழுத்திப் பக்கவாட்டில் இழுங்கள். இழைகள் விலகி, விட்ட பிறகும் அந்த இடைவெளி அப்படியே நின்றால் நெசவில் நெருக்கம் போதவில்லை. அந்தத் துணியில் ரவிக்கையோ சட்டையோ தைத்தால் தையல் பிரியாது, தையலுக்குப் பக்கத்தில் துணியே விலகிப்போகும். அதைத் திரும்பத் தைத்தும் பயனில்லை.

மூன்றாவது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. கைத்தறியில் ஊடையின் (குறுக்கே ஓடும் நூலின்) நெருக்கம் அங்கங்கே லேசாக ஏறி இறங்கும். அது குறை இல்லை. ஓரமெல்லாம் கம்பி போட்டு அடித்த மாதிரி ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் விசைத்தறி. கரையோரத்தில் ஊசித்துளை இருந்தால் கைத்தறி என்று நிறையப் பேர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். துணி குறுகாமல் இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு விசைத்தறியிலும் உண்டு, அதுவும் தடம் விடும்.

கோர்வைக் கரையை மட்டும் பொய்யாகச் செய்வது கடினம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்கும் காஞ்சிபுரம் காட்டன் சேலையில் அந்த இரண்டும் சேரும் கோட்டை உற்றுப் பாருங்கள். நேர்கோடாக இருக்காது, ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் தறிக்கட்டை), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடா ஓட்டி, ஒவ்வொரு ஊடையையும் பக்கத்து ஊடையோடு கொக்கி போட்டுக் கோக்கிறார்கள். ஒரு ஆள் நெய்ய, இன்னொரு ஆள் ஓரத்து நாடாவைத் தள்ள வேண்டும். விலை கூடுவது அதனால்தான்.


#3 மதுரைவீதி

தறிச்சத்தம் ஐயா சொன்னதோடு ஒன்று. சுங்குடிக்கும் இதே மாதிரி அடையாளம் உண்டு. மதுரைச் சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று 'சுங்குடி' என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி அச்சு. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது, புள்ளியின் நடுவில் சின்னச் சுருக்கம் தெரியும், பின்பக்கமும் அதே அழுத்தத்தில் புள்ளி இருக்கும். அச்சில் பின்பக்கம் மங்கல். அச்சுச் சேலையும் நல்ல பருத்தியாக இருந்தால் வாங்கலாம், அச்சுக்குரிய விலை கொடுத்து வாங்குங்கள்.


#4 பாவாடைநாடா

'சில்க் காட்டன்', 'சாஃப்ட் காட்டன்', 'லினன் காட்டன்' என்று எழுநூறு எண்ணூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வருகிறதே, அவற்றில் பருத்தி இருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?


#5 தறிச்சத்தம்

நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று தனித்தனியாக உருவுங்கள். பாவில் பருத்தியும் ஊடையில் பாலியஸ்டரும் போடுவது சாதாரணம், ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

நூலைத் தீயில் காட்டினால் பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி நுனியில் நிற்கும்.

சிக்கல் ரேயானில்தான். விஸ்கோஸ் என்பதும் அதுவே. அதுவும் காகிதம் மாதிரியே எரியும், அதனால் தீச்சோதனை உதவாது. அதற்குத் தண்ணீர். ஒரு சாண் நூலை எடுத்து நடுவில் மட்டும் நனைத்து இரு முனையையும் பிடித்து இழுங்கள். பருத்தி நனைந்தால் பலம் கூடும், அதனால் உலர்ந்த இடத்தில் அறும். ரேயான் நனைந்தால் கிட்டத்தட்ட பாதிப் பலத்தை இழந்துவிடும், நனைந்த இடத்திலேயே அறும். ரேயான் குர்தி ஒவ்வொரு துவைப்பிலும் நீண்டு, தொங்கி, தையலோரம் பிய்வதற்கும் இதுதான் காரணம். பிழியவே கூடாத துணி அது. வாஷிங் மெஷினில் போட்டுச் சுழற்றுகிறோம்.

கைத்தறி என்று நம்பி வாங்க, அரசின் கைத்தறி முத்திரை 2006 முதல் இருக்கிறது. கதருக்கு 2013 முதல் தனி முத்திரை. முத்திரை இல்லாததெல்லாம் போலி என்று அர்த்தமில்லை, சிறு நெசவாளர்கள் பலர் வாங்கியிருக்க மாட்டார்கள். அங்கே கோர்வையும் நெசவும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.


#6 காஜாபட்டன்

தையல் பற்றி நான் எழுதுகிறேன். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தையலில் மூன்று இடத்தில் கெடுகிறது: நனைக்காமல் வெட்டுவது, உள்ளே துணி விடாமல் தைப்பது, நூலைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது.

நனைப்பது. கைத்தறிப் பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு 5 சுருங்குவது சாதாரணம். இரண்டரை மீட்டரில் 12 செ.மீ. போய்விடும். வெறும் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்து, பிழியாமல் நிழலில் கொடியில் போட்டு, லேசான ஈரத்தில் பாவு நீளவாக்கில் இஸ்திரி போட்டுக் கொடுங்கள். இதற்குச் சேர்த்தே துணி வாங்க வேண்டும். 36 அங்குல அகலத்துணியில் அரைக்கைச் சட்டைக்கு 2.25 மீட்டர், முழுக்கைக்கு 2.75 மீட்டர். 58 அங்குல அகலத்தில் முழுக்கைக்கு 1.6 மீட்டர் சராசரி உடம்புக்குப் போதும்.

லைனிங்கையும் காலர் கேன்வாஸையும்கூட நனைக்க வேண்டும். துணியை மட்டும் நனைத்து லைனிங்கை விட்டுவிட்டால், மூன்றாவது துவைப்பில் உள்ளே லைனிங் சுருங்கி ரவிக்கையின் மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். கடையில் வாங்கும் சட்டைகளில் காலர் குமிழ் குமிழாக எழும்புவதும் அந்த ஜாதிக் கோளாறுதான். பசை வைத்து ஒட்டிய கேன்வாஸும் மேல்துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கும்போது பசை விட்டுக்கொடுக்கும். அதைத் திருத்த வழி இல்லை, காலரையே மாற்ற வேண்டும்.

உள்ளே துணி விடுவது. ரவிக்கைக்கு இரண்டு பக்கவாட்டிலும் ஒரு அங்குலம், கைக்கு உள்பக்கம் முக்கால் அங்குலம், பேன்ட்டுக்குப் பின் நடுத்தையலில் ஒன்றரை அங்குலம், கால் மடிப்பில் இரண்டு அங்குலம். உடம்பு கூடும், குறையும். துணி உள்ளே இருந்தால் பிரித்துத் தைக்க அரைமணி நேரம். இல்லையென்றால் நல்ல துணி மூலையில் கிடக்கும். ஓவர்லாக் அடித்து ஓரத்தை ஒட்ட வெட்டித் தள்ளிய ரெடிமேட்டில் இதற்கு வாய்ப்பே கிடையாது. வாங்கும் முன் உள்ளே திருப்பிப் பார்ப்பது ஒரு நொடி வேலை.

நூல். 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று தடித்த பாலியஸ்டர் நூலில் மெல்லிய பருத்தியைத் தைக்காதீர்கள். இழுவை வரும்போது நூல் அறுந்தால் தையல் விடும், திரும்பத் தைக்கலாம். நூல் அறாமல் நின்றால் துணி கிழியும். துணியைவிடத் தையல்நூல் ஒரு படி பலம் குறைந்திருப்பது நல்லது. மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சட்டைத் துணிக்கு 14. அங்குலத்துக்கு 12 தையல் வர வேண்டும். அளவு நாடாவை வைத்து எண்ணிப் பாருங்கள், அவசரத்தில் தைத்ததில் 8 அல்லது 9 இருக்கும்.


#7 பாவாடைநாடா

காஜாபட்டன் அண்ணா, ரவிக்கை எப்போதும் முதுகுப் பக்கம், கைக்குழி ஓரத்தில்தான் கிழிகிறது. தளர்வாக வேண்டும் என்று கைக்குழியை இறக்கித் தைக்கச் சொன்னாலும் அங்கேயேதான் கிழிகிறது.


#8 காஜாபட்டன்

இறக்கியதால்தான் கிழிகிறதும்மா. கைக்குழி கக்கத்துக்குக் கிட்டே உயர்ந்து இருந்தால் கையைத் தூக்கும்போது கைத்துணி மட்டும் நகரும். இறங்கி இருந்தால் கையோடு சேர்ந்து மொத்த ரவிக்கையும் மேலே இழுபடும், அந்த இழுவை முழுவதும் முதுகுத் துணியில் ஒரு கோட்டில் விழும். பஸ் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கோடு இழுபட்டுக்கொண்டே இருக்கும். குழியை உயர்த்தி, கைச் சுற்றளவில் ஒரு அங்குலம் கூட்டச் சொல்லுங்கள். கக்கத்தில் இரண்டு அங்குலச் சதுரத் துண்டைச் சாய்த்து வைத்துத் தைத்தால் இன்னும் நல்லது. அந்தச் சதுரம் வியர்வையில் போனாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.


#9 வாசற்கோலம்

முதல் துவைப்புக்கு: ஒரு பிடி கல்உப்பும் ஒரு மூடி வினிகரும் போட்ட தண்ணீரில் சேலையை ஒரு ராத்திரி ஊற வைத்தால் சாயம் கெட்டிப்படும். எல்லா வீட்டிலும் செய்வதுதான்.


#10 அவுரி

வாசற்கோலம் அக்கா, மன்னிக்கணும், இதை மறுத்துத்தான் ஆகணும். இந்த முறையால் பாழாகும் சேலைகள் ஏராளம்.

இப்போது பருத்திக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். சாயத்தொட்டியில் உப்பு போடுவது உண்மை. ஆனால் உப்பின் வேலை தண்ணீரில் இருக்கும் சாயத்தை நூலுக்குள் தள்ளுவது மட்டும். நூலோடு பிணைப்பது சோடா, அதற்கு வேண்டிய சூடும் நேரமும். அந்த வேலை பட்டறையிலேயே முடிந்துவிட்டது. பிணையாமல் மிஞ்சிய சாயம் நூலின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் முதல் சில துவைப்பில் வெளியே வருவது. அதை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் அந்த வாளியில் மட்டும் குறைவாகக் கரையும், 'கெட்டிப்பட்டுவிட்டது' என்று தோன்றும். அடுத்த துவைப்பில் உப்பில்லாத தண்ணீரில் திரும்ப வரும். வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் வேறு வகைச் சாயத்துக்கு உதவும். பருத்தியில் வேலை இல்லை.

ஒரு ராத்திரி ஊற வைப்பதுதான் பெரிய ஆபத்து. அரக்குக் கரையும் சந்தன நிற உடலும் உள்ள சேலை மடிப்பாகத் தண்ணீரில் கிடந்தால், கரையிலிருந்து வந்த சாயம் பக்கத்து மடிப்பில் சாவகாசமாக ஏறும்.

செய்ய வேண்டியது இது. கட்டும் முன்பே, உள்ளே சொருகும் முனையில் கரை ஓரமாக ஈரமான வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் தனியாக மட்டுமே துவைக்க வேண்டும். முதல் மூன்று துவைப்பும் குளிர்ந்த நிறையத் தண்ணீரில், சோப்பு இல்லாமல், பத்து நிமிஷத்துக்கு மேல் போகாமல். தண்ணீருக்குள் சேலையை நகர்த்திக்கொண்டே இருங்கள். எடுத்ததும் மடக்கி வைக்காமல், முறுக்காமல், உடனே ஒற்றையாக நிழலில் விரித்துப் போடுங்கள். ஈரமாகச் சுருட்டி வாளியில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் அந்த அரைமணியில்தான் கறை ஏறும்.

ஏறிவிட்டால்? காயவே விடாதீர்கள். ஈரம் இருக்கும்வரை மாற்றி மாற்றித் தண்ணீரில் அலசினால் பெரும்பகுதி போகும். காய்ந்து வெயில் பட்டு, மேலே இஸ்திரியும் போட்டுவிட்டால் அது நிரந்தரம்.

இன்னொரு விஷயம். அடர்ந்த கருப்பு, கருநீலம் வர வேண்டுமானால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்பு போகும். அந்த உப்பு நூலில் தங்காது, கழிவாக வெளியேறும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறும் அதிலுள்ள ஒரத்துப்பாளையம் அணையும் அப்படித்தான் உப்பேறிப் போயின. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. கழிவு ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இன்று இருக்கிறது. நாம் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான்: ஆறு மாதத்துக்கு ஒரு கருப்புச் சட்டை வாங்காமல், இருக்கும் கருப்பை உள்பக்கம் திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்தினால் நிறம் வருஷக்கணக்கில் நிற்கும்.


#11 வாசற்கோலம்

திருத்தத்துக்கு நன்றி. வினிகர் பட்டுக்கு உரியது என்பது தெரியாது. இயற்கைச் சாயத் துணிக்கும் இதே முறையா?


#12 அவுரி

இல்லை அக்கா, அது தனி. அவுரி நீலம் நூலின் மேற்பரப்பில் படிந்து நிற்கும் சாயம். உரசினால் கையில் கொஞ்சம் நீலம் ஒட்டும், அது அதன் சுபாவம். வெள்ளை ரவிக்கையோடு போடாமல் இருந்தால் போதும். மஞ்சிட்டி, சாயவேர் சிவப்புகள் படிகாரம் சரியாக ஏற்றியிருந்தால் நன்றாக நிற்கும். மஞ்சள் கிழங்கால் ஏற்றிய மஞ்சளை மட்டும் தினசரி உடைக்கு வாங்காதீர்கள், வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

கடுக்காயும் இரும்பும் சேர்ந்து வரும் கருப்பு, சாம்பல் நிறங்கள் புளிப்புக்கு ஆகாது. எலுமிச்சைச் சாறோ ரசமோ தெறித்தால் அந்தப் புள்ளி வெளிறிவிடும். பதிமுகச் சிவப்பு இன்னும் மோசம். புளிப்பு பட்டால் ஆரஞ்சுப் பக்கம் போகும், சோப்பின் காரம் பட்டால் ஊதாப் பக்கம் போகும். இவற்றைச் சலவைத்தூளில் போடாமல் காரம் இல்லாத திரவ சோப்பில் அலசுங்கள். சீயக்காய் புளிப்பானது, அதனால் இரும்புக் கருப்புக்கு அதுவும் வேண்டாம்.


#13 கொடிக்கயிறு

அருமையான விளக்கங்கள். இனி எண்ணிக்கைக்கு வரலாமா? வாரம் ஐந்து நாள் சேலை கட்டுபவருக்கு எத்தனை இருந்தால் போதும்? நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?


#14 மயில்கழுத்து

பன்னிரண்டு சேலை, ஐந்து ரவிக்கை. வருஷத்தில் சுமார் 240 வேலை நாள் என்றால் ஒவ்வொரு சேலையும் 20 முறை கட்டப்படும். இரண்டரை வாரத்துக்கு ஒருமுறைதான் திரும்ப வரும், யாருக்கும் அலுக்காது.

சேலையைவிட ரவிக்கைதான் பீரோவை நிரப்புகிறது. ஒவ்வொரு சேலைக்கும் அதோடு வரும் துண்டிலேயே ரவிக்கை தைப்பதால், ரவிக்கை இறுகியதும் சேலையும் ஒதுங்கிவிடுகிறது. அரக்கு, கருநீலம், பாசிப்பச்சை, கடுகு மஞ்சள், சந்தன நிறம் என்று ஐந்து ரவிக்கைகளை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு இந்த ஐந்தில் ஒன்றாவது கரையிலோ கட்டத்திலோ இருக்கும் சேலையை மட்டும் வாங்குங்கள். ஒரு சேலைக்கு மூன்று ரவிக்கை பொருந்தும், ஒரு ரவிக்கைக்கு ஏழெட்டுச் சேலை பொருந்தும். சேலையில் வரும் ரவிக்கைத் துண்டை வெட்டாமல் விடுங்கள். உள்சுற்றில் மறைந்துவிடும், பின்னால் ஒட்டுப் போடவும் உதவும்.

கண்டாங்கியில் இது சுலபம். காரைக்குடிப் பக்கத்துச் சேலை, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அரக்கு, கடுகு, பச்சை, கருப்பு என்று ஒரு சில நிறங்களே கட்டமாகவும் கோடாகவும் அகலக் கரையாகவும் மாறி மாறி வரும். தாத்தா காலத்துப் புகைப்படத்தில் பார்த்தாலும் நேற்று நெய்தது மாதிரி இருக்கும். ஆளையும் நிறத்தையும் முன்னே காட்டி, பூவேலையைப் பின்னே வைக்கும் சேலை. எது எப்போதும் அழகு என்று கேட்டால் என் பதில் கட்டமும் கோடும்தான். பெரிய பூ, உருவ அச்சு எல்லாம் எந்த வருஷத்தில் வாங்கியது என்று சொல்லிவிடும்.


#15 மதுரைவீதி

பன்னிரண்டு குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் 60-ஆம் நம்பர் சேலை காய இரண்டு நாள் ஆகும், கஞ்சி போட்டதென்றால் நாற்றமே வந்துவிடும். குறைந்தது பதினைந்து வேண்டும், அதில் மூன்று மெல்லிய 100-ஆம் நம்பராக இருக்கட்டும்.

குர்தா போடுபவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு ஐந்தரை மீட்டர் சேலையில் இரண்டு குர்தா வரும். நீளம் முட்டிக்கு ஒரு சாண் கீழே போகாமல், நேரான வெட்டு, முக்கால் கை, பக்கவாட்டில் பிளவு. இந்த வடிவம் போன தலைமுறையிலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கையை மணியாக விரிப்பதும் கீழே ஏற்ற இறக்கமாக வெட்டுவதும்தான் சீக்கிரம் பழசாகும்.


#16 மயில்கழுத்து

மழைக்கால மெல்லிய சேலை விஷயம் சரிதான், சேர்த்துக்கொள்கிறேன். அப்போது கஞ்சியே வேண்டாம் என்பேன்.

கஞ்சி போடுபவர்களுக்கு அளவு: ஒரு சேலைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசி. ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, நாலு லிட்டர் தண்ணீரில் கலக்கவும். வடிகட்டாமல் விட்டால் அடர் நிறச் சேலையில் வெள்ளைத் திட்டு விழும். உலர்ந்த சேலையை நேராகக் கஞ்சியில் முக்கக் கூடாது. முதலில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பிறகு முக்கினால்தான் எல்லா இடத்திலும் சமமாகப் பிடிக்கும். கட்டும் வாரத்தில் மட்டும் கஞ்சி. கஞ்சியோடு மடித்து மாதக்கணக்கில் வைத்தால் ராமபாணப் பூச்சி வரும், மடிப்புக் கோட்டில் இழை விண்டுபோகும்.


#17 சட்டைப்பை

ஆண்கள் சட்டைக்கு வருகிறேன். சட்டை எப்போதும் காலர் மடிப்பில்தான் முதலில் நைகிறது, உடல் பகுதி புதுசாகவே இருக்கும். காலரைத் திருப்பிப் போடுவது பற்றி யாராவது எழுதுங்கள். இப்போது தையற்கடைகளில் கேட்டால் 'புதுசு வாங்கிக்குங்க' என்கிறார்கள்.


#18 காஜாபட்டன்

வீட்டில் மெஷின் இருந்தால் நீங்களே செய்யலாம்.

முதலில் காலரின் நடுவிலும், அது பொருந்தியிருக்கும் கழுத்துப் பட்டியின் நடுவிலும் நூலால் அடையாளம் வையுங்கள். பிரித்த பிறகு நடுவைக் கண்டுபிடிக்க முடியாது, காலர் ஒரு பக்கம் நீளமாகிவிடும்.

காலரும் பட்டியும் சேரும் தையலை மட்டும் பிரியுங்கள். பட்டியைச் சட்டையோடு சேர்க்கும் தையலைத் தொடவே வேண்டாம். பிளேடு நுனியால் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு, மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் வரிசையாக வந்துவிடும். துணியை இழுத்துப் பிரித்தால் பட்டியின் வாய் விரிந்துவிடும்.

காலர் கையோடு வந்ததும் பழைய நூல் துணுக்குகளை எடுத்து, நைந்த கோட்டைப் பாருங்கள். வெள்ளை இழை தெரியும் நிலையில் இருந்தால் அப்படியே திருப்பலாம். ஓட்டையே விழுந்திருந்தால் அடியில் மெல்லிய பருத்திப் பட்டை வைத்து, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நாலைந்து வரிசை ஓட்டுங்கள். இனி அது அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாது.

திருப்பி, நடுவோடு நடு சேர்த்து, பட்டிக்குள் பழைய ஆழத்துக்கே நுழைத்து, கையால் நூலோட்டிக் கழுத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நுனிகள் இரண்டும் ஒரே நீளத்தில் விழுந்தால் மெஷினில் பழைய தையல் தடத்திலேயே ஓட்டுங்கள்.

எல்லாச் சட்டையிலும் முடியாது. காலர் நுனியில் பிளாஸ்டிக் குச்சி நுழைக்க அடியில் சின்னப் பை இருந்தால், திருப்பியதும் அந்தப் பை மேலே தெரியும். பசைக் கேன்வாஸ் குமிழ்விட்டிருந்தாலும் பயனில்லை. கட்டம் போட்ட துணியில் அடிக்காலரை வேறு சாய்மானத்தில் வெட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அடிப்பக்கம் வெயில் படாததால் நிறம் கூடுதலாக இருக்கும், அதனால் நைய ஆரம்பித்ததுமே செய்துவிடுவது நல்லது. சட்டை முழுக்க வெளுத்த பிறகு செய்தால் காலர் மட்டும் தனியாகத் தெரியும்.


#19 சட்டைப்பை

மிக்க நன்றி அண்ணா. பேன்ட், டிஷர்ட் பற்றியும் ஒரு வார்த்தை.


#20 பின்னலாடை

பேன்ட்டில் ஸ்ட்ரெச் இல்லாத பருத்தி வாங்குங்கள். எலாஸ்டேன் கலந்ததில் முதலில் சாவது அந்த ரப்பர் இழைதான். சூட்டிலும் பிளீச்சிலும் அறுந்து முட்டியில் அலை அலையாக நிற்கும், எந்த டெய்லராலும் சரிசெய்ய முடியாது. கால் வாய்ச் சுற்றளவு 15, 16 அங்குலம் என்றால் ஒட்டவும் இல்லாமல் தொளதொளக்கவும் இல்லாமல் பல வருஷம் போகும்.

டிஷர்ட்டில் பக்கத் தையலைப் பாருங்கள். கடையிலேயே அது முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால், துவைக்கத் துவைக்கச் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கே வரும். ஒற்றைப் பின்னல் துணியில் நூலின் முறுக்கு சமநிலைக்கு வராததால் வரும் கோளாறு இது. எடை சதுர மீட்டருக்கு 180 கிராம் இருந்தால் தினசரிக்கு நல்லது. 'ஆர்கானிக்' என்ற வார்த்தை மட்டும் எழுதியிருந்தால் போதாது. காட்ஸ் (GOTS) என்ற கரிமத் துணிக்கான சர்வதேசச் சான்றில் 'ஆர்கானிக்' என்று முழுதாகப் போட நூற்றுக்கு 95 பங்கு கரிம இழை வேண்டும், 70 இருந்தால் 'கரிம இழை கொண்டு செய்தது' என்றுதான் போடலாம். சான்று எண்ணைக் கேளுங்கள்.

கைத்தறி மட்டுமே நல்லது என்பது போல மேலே தோன்றுகிறது. விசைத்தறிப் பருத்திச் சட்டையும் பத்து வருஷம் உழைக்கும்.


#21 தறிச்சத்தம்

உழைக்கும், மறுக்கவில்லை. சட்டைத் துணி விசைத்தறியில் இருப்பதில் எந்தத் தவறும் இல்லை. என் கோபம் வேறு. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி சில ரகங்கள், கரை போட்ட சேலை உட்பட, கைத்தறிக்கு மட்டுமே உரியவை. அந்த ரகத்தை விசைத்தறியில் அடித்துக் கைத்தறி விலைக்கு விற்பது நெய்பவர் வயிற்றில் அடிப்பது. வாங்குபவரும் ஏமாறுகிறார். விசைத்தறியை விசைத்தறி என்றே சொல்லி விற்கட்டும்.


#22 வெள்ளைவேட்டி

வெள்ளைத் துணி பற்றி. கக்கத்தில் மஞ்சளாகி விறைத்துப்போவது வியர்வையும் டியோடரன்ட்டில் உள்ள அலுமினியமும் சேர்ந்ததால். அதன்மேல் குளோரின் பிளீச் ஊற்றினால் இன்னும் பழுக்கும். ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணீரில் அரைமணி ஊற வைத்து நன்றாக அலசிவிட்டு, நாலு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆக்சிஜன் பிளீச் கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். சரிகைக் கரை வேட்டிக்கு எந்தப் பிளீச்சும் வேண்டாம், சரிகை கறுத்துவிடும். சொட்டு நீலத்தை வாளியில் நேராக விடாமல் ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள்.

பீரோத் துரு பட்ட கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி அரைமணி வெயிலில் வைத்து அலசலாம், வெள்ளைக்கு மட்டும். துருவுக்குப் பிளீச் போட்டால் கறை நிலைத்துவிடும். பீரோத் தட்டில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் அடுக்கினால் துருவே படாது. நாப்தலின் உருண்டை துணியில் நேராகப் படக்கூடாது. வசம்புத் துண்டைச் சின்னத் துணியில் முடிந்து மூலையில் வைத்தால் போதும்.


#23 பாவாடைநாடா

கடைசியாக ஒன்று. சேலை குதிகால் பக்கம் கரையோரம் நைந்துவிட்டது, மற்ற இடம் நன்றாக இருக்கிறது. தோளில் ஊக்கு குத்திய ஓட்டைகளும் இரண்டு. இதற்கு வழி உண்டா?


#24 மயில்கழுத்து

இரண்டு பக்கமும் ஒரே அளவு கரை என்றால் ஃபால்ஸைப் பிரித்து எதிர்க்கரையில் வைத்துவிடுங்கள். முந்தி முந்தியாகவே இருக்கும், ஆனால் சேலையின் உள்பக்கம் வெளியே வரும். கட்டம், கோடு போட்ட துணியில் இரண்டு முகமும் ஒன்று, வித்தியாசம் தெரியாது. கோர்வைச் சேலையில் உள்பக்கம் நூல் முனைகள் நிற்கும், அதில் இது முடியாது. புது ஃபால்ஸையும் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டே தைக்கணும். இல்லையென்றால் அது சுருங்கிக் கொசுவத்தின் அடி முழுக்கச் சுருட்டிக்கொள்ளும். கீழோரம் மெஷினில் போகலாம், மேலோரம் கையால் எம்மிங்.

ஊக்கு ஓட்டைக்கு, உள்ளே சொருகும் முனையிலிருந்து ஊடை இழைகள் சிலவற்றை உருவி எடுங்கள். வேறு நூல் வாங்க வேண்டாம். அந்த இழை அதே சேலையோடு அதே அளவு வெளுத்திருக்கும். மெல்லிய ஊசியில் கோத்து, ஓட்டைக்கு அரை அங்குலம் முன்பே நல்ல துணியில் தொடங்கி, ஒரு இழையின் மேல், அடுத்த இழையின் அடியில் என்று பாவு வாக்கில் வரிசையாக ஓட்டுங்கள். திரும்பும் இடத்தில் இறுக்காமல் சிறு வளையம் விடுங்கள், துவைத்தால் சுருங்க இடம் வேண்டும். பிறகு அதே மாதிரி ஊடை வாக்கில் குறுக்கே கோத்து வாருங்கள். முடிச்சுப் போட வேண்டாம். முனையை வெட்டிவிட்டு, ஈரத்துணி மேலே வைத்து இஸ்திரி அழுத்தினால் இழைகள் படிந்துவிடும்.